பொட்டு வைத்த சர்வர்

நம் வீட்டுப் படங்களை எவனோ ஒரு கம்பெனிக்காரன் எதற்காக வைத்துக்கொள்ள வேண்டும் என்பது என் கணவரின் கட்சி. கல்லூரியில் இயற்பியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். வலங்கைமானில் இருந்த நிலத்தைக் கொடுத்துவிட்டுத் தஞ்சாவூருக்கு வந்த பிறகு மேற்பார்வை பார்க்க அவருக்கு வயல் இல்லை. அந்தக் குறையைத் தீர்க்க இன்வெர்ட்டருக்குப் பக்கத்தில் ஒரு கறுப்புப் பெட்டியைக் கொண்டுவந்து வைத்தார். சர்வராம். குடும்பத்தின் படம், பத்திரம் எல்லாம் இனி அதில்தான். காலையில் எழுந்ததும் மடை பார்க்கப் போகிறவர் மாதிரி அதைப் போய்ப் பார்த்துவிட்டுத்தான் காபி குடிப்பார்.

எங்கள் மகள் முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டில் ஆராய்ச்சி செய்கிறாள். திருத்துறைப்பூண்டியில் அறை எடுத்துத் தங்கி, மாதாமாதம் படகில் போய் அதே கன்றுகளைப் படம் எடுப்பாள். படங்களையும், எது எந்தக் கன்று, எந்த இடம் என்று ஒவ்வொரு படத்துக்குமான குறிப்பையும் இணையம் வழியாக அப்பாவின் சர்வரிலேயே ஏற்றினாள். எல்லாம் ஒரே மாதிரிக் கன்றுகள். குறிப்பு இல்லாவிட்டால் அவளாலேயே அடையாளம் சொல்ல முடியாது. வேறொரு நகலும் வைத்துக்கொள்கிறேன் என்றவளிடம், “ஏம்மா, அப்பா மேல நம்பிக்கை இல்லையா?” என்று கேட்டு வாயை அடைத்தவர் இவர்.

சரஸ்வதி பூஜை வந்தது. நான் புத்தகங்களை அடுக்கினேன். இவர் சர்வரின் ஒயர்களை உருவி, ஈரத்துணியால் துடைத்துக் கொண்டுவந்து புத்தகங்களின் மேல் வைத்தார். சந்தனம், குங்குமம், தலையில் சாமந்திப்பூ.

“முறையா ஆஃப் பண்ணிட்டு எடுக்க வேணாமாங்க?” என்று கேட்டேன்.

“அதுக்குள்ள நல்ல நேரம் போயிடும்” என்றார். மனிதருக்கு மின்காந்தவியலும் தெரியும், ராகு காலமும் தெரியும்.

பூஜையில் வைத்ததை அன்று தொடக்கூடாது. மறுநாள் விஜயதசமி காலையில் கற்பூரம் காட்டி எடுத்துப் பழைய இடத்தில் மாட்டினார்.

மதியம் மகள் போன் செய்தாள். “அப்பா, டேட்டாபேஸ் எரர்னு வருது. ஒண்ணுமே திறக்க மாட்டேங்குது. நேத்து காலையில குறிப்பு ஏத்திக்கிட்டிருந்தேன், பாதியில நின்னுடுச்சு. கைடு இந்த வாரம் எல்லாத்தையும் கேட்டிருக்கார்ப்பா.”

“பதறாதம்மா. கரண்ட் போயிருக்கும்” என்றார். பக்கத்திலேயே இன்வெர்ட்டர். நான் அதைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை.

பிறகு வைத்தியம் தொடங்கியது. அணைத்துப் போட்டார். ஒயரை மாற்றினார். டிஸ்கில் இடம் இருக்கிறதா என்று பார்த்தார். விசிறியில் சிக்கியிருந்த சாமந்தி இதழை ஊதி எடுத்தார். எதற்கும் அது மசியவில்லை. கடைசியில், சர்வர் தானாக எழுதி வைக்கும் பதிவுகளைப் படித்தார். நேற்று பூஜை நேரத்தோடு அவை அறுந்து நின்றன. மகளின் குறிப்புகளை எழுதிக்கொண்டிருக்கும்போதே மின்சாரம் போனதால் டேட்டாபேஸ் பழுதாகியிருந்தது. படங்கள் பத்திரமாக இருந்தன, குறிப்புகள்தான் சந்தேகம். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

எனக்குக் கோபம் கோபமாக வந்தது. சேற்றில் இறங்கி, கொசுக்கடி பட்டு அவள் சேர்த்தது. வளர்ந்துவிட்ட கன்றைப் போன மாதத்து உயரத்துக்கு யாரால் திரும்பக் கொண்டுவர முடியும்? நன்றாக நாலு கேட்கத்தான் போனேன். அவர் உட்கார்ந்திருந்த விதத்தைப் பார்த்ததும் பாவமாகிவிட்டது. காபியை மட்டும் வைத்துவிட்டு வந்தேன்.

பழுதானதை அப்படியே ஒரு நகல் எடுத்து, அந்த நகலின் மேல் மீட்புக் கட்டளையைக் கொடுத்தார். அது ஓடி முடியும்வரை நாற்காலியை விட்டு எழவில்லை. குறிப்புகள் வந்துவிட்டன. கடைசியாக ஏற்றிய சில மட்டும் இல்லை. நேற்றுதான் எழுதியவை என்பதால் அவற்றை அவளால் நினைவிலிருந்தே எழுதிவிட முடியும்.

மகளைக் கூப்பிட்டுச் சொன்னார். அழுகையும் சிரிப்புமாக அவள், “எப்படிப்பா இப்படி ஆச்சு?” என்றாள். மறுபடியும் கரண்ட் என்று சொல்லப்போகிறார் என்றுதான் நினைத்தேன்.

“நான்தாம்மா பிடுங்கினேன். பொட்டு வைக்கிறதுக்கு.”

“சரிப்பா. இனிமே நானும் ஒரு காப்பி வச்சுக்கட்டுமா?” என்று கேட்டாள். அவர் மனம் நோகக்கூடாதே என்று அவ்வளவு மெதுவாகக் கேட்டாள்.

“வச்சுக்கம்மா” என்றார்.

போனை வைத்துவிட்டு வெகுநேரம் அந்தப் பெட்டியின் பக்கம் திரும்பவே இல்லை. கிண்டல் செய்ய என்னிடம் நிறையவே இருந்தது. அன்று மட்டும் வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.