விரதம் இருந்த எட்டுக்கால் பூச்சி

அப்பா குழிக்குள், கையில் கடப்பாரையோடு. அம்மா மேலே, மண்கூடையோடு. மாமா, அதாவது அம்மாவின் தம்பி, வேலை செய்யாமல் வேலை சொல்லிக்கொண்டு ஓரமாக. பக்கத்து வீட்டு அக்கா மதில்மேல் கையை ஊன்றிக்கொண்டு. அப்புறம் நான், ஆறாம் வகுப்பு. அடி அண்ணாமலையில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் கக்கூஸுக்குக் குழி வெட்டிய அன்று இருந்தவர்கள் இவ்வளவு பேர்தான்.

முழங்கால் ஆழத்தில் கடப்பாரை ஒரு பொந்தைப் பிளந்தது. பொந்துக்குள் வெள்ளை நூல் பின்னியிருந்தது. அதற்குள்ளிருந்து எட்டுக்கால் பூச்சி வந்தது. என் உள்ளங்கை அகலம் இருக்கும். உடம்பெல்லாம் மயிர். ஓடவில்லை. முன்கால் இரண்டையும் தூக்கிக்கொண்டு அப்பாவுக்கு எதிராக நின்றது.

"மண்ணெண்ணெய ஊத்துங்க! கடிச்சா ஆளு அவ்ளோதான்" என்றார் பக்கத்து வீட்டு அக்கா.

"ரேஷன்ல போட்டா ஊத்தலாம்" என்றார் மாமா.

அப்பா மண்வெட்டியில் அதை மெதுவாக ஏந்தி மேலே வைத்தார். "அதோட வூட்ட இடிச்சிட்டோம்" என்றார். அன்றைக்கு அவர் பேசியது அது ஒன்றுதான்.

நான் ஓடிப்போய், மலை சுற்றும் பாதையில் இருந்த மாமா கடையிலிருந்து உள்ளே தெரிகிற காலி பிளாஸ்டிக் பிஸ்கட் டப்பா ஒன்றைக் கொண்டுவந்தேன். அம்மா என்னை முறைத்தாள். தீபத்துக்கு வாங்கிய கலர் கோழிக்குஞ்சு இரண்டும் என் கையில் ஒரு வாரம் தாங்கவில்லை. அதற்கு முன்னால் ஒரு மீன்.

"வெளிய வந்துச்சுன்னா தொடப்பக்கட்டைதான். உள்ளயே செத்துச்சுன்னா இனிமே இந்த வூட்டுல நீ ஒரு ஜீவனையும் தொடக்கூடாது. சொல்லிட்டேன்."

தலையை ஆட்டினேன். இந்த ஒன்றையாவது சாகவிடக் கூடாது. அது மட்டும்தான் மனசில் இருந்தது.

எப்படி வளர்ப்பது என்று யாருக்கும் தெரியவில்லை. அப்பா ஊசியைச் சுடவைத்து மூடியில் ஓட்டை போட்டுக் கொடுத்தார். குழி மண்ணையே அள்ளி டப்பாவில் போட்டேன். சோடா மூடியில் தண்ணீர் வைத்தேன். முதல் நாள் இட்லி வைத்தேன்; அதில் எறும்பு வந்ததுதான் மிச்சம். இரண்டாம் நாள் கரப்பான் பூச்சியைப் பிடித்துப் போட்டேன். மறுநாள் காலையில் கரப்பானின் இறக்கை மட்டும் கிடந்தது. அன்று நான் இரண்டு இட்லி ஜாஸ்தி சாப்பிட்டேன்.

நாலு கரப்பான் தின்றது. பிறகு நிறுத்திவிட்டது. கரப்பான் அதன் மேலேயே ஏறிப் போகும், அது அசையாது. நிறம் மங்கியது. எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. சாப்பிடும்போது பாதியில் எழுந்து போய்ப் பார்ப்பேன். பள்ளிக்கூடத்தில் வயிற்று வலி என்று சொல்லி மத்தியானம் ஓடிவருவேன். டப்பாவைத் தட்டுவேன். ஒரு கால் நகரும். கொஞ்ச நேரம் நிம்மதி. பிறகு மறுபடியும் போய்த் தட்டுவேன்.

"இன்னா பாப்பா, அது நிம்மதியா இருக்கறது உனக்குப் புடிக்கலியா?" என்றார் மாமா. "அது விரதம் இருக்குது. பௌர்ணமி வருது இல்ல?"

எங்கள் வீட்டில் பௌர்ணமிக்கு அம்மா விரதம். பக்கத்து வீட்டு அக்கா விரதம். மலை சுற்றும் பாதையில் வருகிறவர்களில் பாதிப் பேர் விரதம். அதனால் பூச்சியும் விரதம் என்றதை நான் நம்பினேன். மாமாவும் பாதி நம்பினார் என்றுதான் இப்போது தோன்றுகிறது.

பௌர்ணமி அன்று நான் எழுவதற்குள் மாமா டப்பாவைக் கடைக்குக் கொண்டுபோய்விட்டார். நான் போனபோது டப்பாவுக்கு மூன்று பட்டை விபூதி பூசி, சாமந்திப் பூ சுற்றி, சுக்கு காபி கேனுக்குப் பக்கத்தில் உயரமாக வைத்திருந்தார். அட்டையில் 'விரதம் இருக்கும் பூச்சி' என்று எழுதியிருந்தது. கேட்டதற்கு, "சாயங்காலம் தூக்கினு போ" என்றார். நான் டப்பா பக்கத்திலேயே நின்றுகொண்டேன்.

மத்தியானத்துக்கு மேல் கூட்டம் ஏறியது. வெறுங்காலோடு ஜனம் வந்துகொண்டே இருந்தது. நின்று பார்த்தவர்கள் காபி குடித்தார்கள்.

"பதினாலு நாளா பச்சத் தண்ணி பல்லுல படலங்க" என்றார் மாமா.

"அதுக்குப் பல்லு ஏது?" என்றார் ஒருவர்.

"இருந்தாலும் படாதுங்க. அப்பேர்ப்பட்ட கட்டுப்பாடு."

வெயில் இறங்கும் நேரம். பூச்சி டப்பாவின் தரையில் நூலைப் பின்னிப் பாய்போல் விரித்திருந்தது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது மெதுவாகச் சாய்ந்து மல்லாந்தது. எட்டுக் காலும் மேலே விரிந்து நின்றன. டப்பாவைத் தட்டினேன். அசையவில்லை. இன்னொரு முறை பலமாகத் தட்டினேன்.

"அய்யோ, போயிடுச்சே" என்றாள் காபி குடித்துக்கொண்டிருந்த ஒரு பெண்.

மாமாவின் முகம் ஒரு நொடி செத்தது. அடுத்த நொடி பிழைத்துக்கொண்டது.

"போவலம்மா, சேந்துடுச்சு! பௌர்ணமி நாளு, மலைக்கு நேரா, விரதத்துலயே முக்தி. நமக்குக் கெடைக்குமா?"

எல்லாரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். யாரோ டப்பா மேல் பூ வைத்தார்கள். மாமா அடுத்த கேனைத் திறந்தார்.

டப்பாவைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். ஜனம் எல்லாம் ஒரே பக்கமாக நடந்தது. எங்கள் வீடு அதற்கு எதிர்ப்பக்கம். மலையை யாரும் அப்படிச் சுற்றுவதில்லை. "எதிர்ல வராத பாப்பா, பாவம்!" என்று ஒரு கிழவர் கத்தினார். இடித்துக்கொண்டு போனேன்.

வீட்டில் யாரும் இல்லை. பின்பக்கப் படியில் உட்கார்ந்து மூடியைத் திறந்தேன். அழவில்லை. செய்ய வேண்டியதைச் செய்ய வேண்டும் என்று நினைத்தேன். அந்த வருஷம்தான் பெரியப்பா இறந்தார். செத்தவுடனே காலை நேராக்கி, கட்டைவிரல் இரண்டையும் துணியால் சேர்த்துக் கட்டுவதைப் பார்த்திருந்தேன். தாமதித்தால் கால் விறைத்துக்கொள்ளும் என்று அப்போது சொன்னார்கள். இதற்கோ எட்டுக் கால். எட்டும் பரப்பிக்கொண்டு கிடந்தன. பார்க்க மரியாதையாக இல்லை.

அம்மாவின் பூ கட்டும் நூலை எடுத்து வந்தேன். முதல் ஜோடியைச் சேர்த்துக் கட்டினேன். இரண்டாவது ஜோடியையும் கட்டினேன். மூன்றாவதில் ஒரு கால் வளைந்தே இருந்தது. நேராக்குவதற்கு இழுத்தேன். வரவில்லை. இன்னும் கொஞ்சம் இழுத்தேன். கால் கையோடு வந்துவிட்டது.

அந்த இடத்தில் தண்ணீர் போல ஒரு சொட்டு நின்றது. உடம்பு லேசாக அசைந்த மாதிரி இருந்தது. காற்று என்று நினைத்தேன்.

அப்போது அப்பா வந்தார். புதைக்க வேண்டும், மண்வெட்டி வேண்டும் என்றேன். அவர் குனிந்து டப்பாவுக்குள் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு சட்டைப்பையிலிருந்து பிளேடு எடுத்து என் முடிச்சு இரண்டையும் அறுத்தார். மூடியைப் போட்டார்.

"காலைல பாத்துக்கலாம். தொடாத."

"ஏம்ப்பா?"

"தொடாதன்னா தொடாத."

விடியும்போது டப்பாவுக்குள் இரண்டு பூச்சி இருந்தது. ஒன்று மல்லாந்து கிடந்தது. உள்ளே ஒன்றும் இல்லாத வெறும் தோல். இன்னொன்று அதற்குப் பக்கத்தில், புதுசாக, கருப்பு வெல்வெட் துணி மாதிரி, முன்னைவிடப் பெரிசாக நின்றது. அம்மா சூடம் ஏற்றினாள். மாமா ஓடிவந்து பார்த்து, "மறுபிறவி, அக்கா!" என்றார் அம்மாவிடம். அந்தத் தோலை ரொம்ப வருஷம் கடையில் கண்ணாடிக்குள் வைத்திருந்தார். கேட்கிறவர்களுக்கெல்லாம் அந்தக் கதையைச் சொன்னார். கால் விஷயம் அவருக்குத் தெரியாது.

இப்போது செங்கம் ரோட்டில் ஒரு லாட்ஜில் அறைகளைக் கூட்டித் துடைக்கும் வேலை செய்கிறேன். ஒரு அறையில் தங்கியிருந்த வெளியூர் அம்மா ஒருவர் போனில் ஒரு வீடியோ காட்டினார். அந்த இனம் தோல் உரிக்கும் முன்னால் சாப்பிடாதாம். மல்லாந்து படுத்துத்தான் உரிக்குமாம். அந்த நேரத்தில் தொடவே கூடாதாம். முழுசும் பார்த்தேன். பக்கெட்டை எடுத்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போனேன்.

அன்றைக்கு எனக்கு அது ஒன்றும் தெரியாது. செத்ததைச் சாமி திருப்பிக் கொடுத்தார், கூலியாக ஒரு காலை எடுத்துக்கொண்டார், அது நியாயம்தான் என்று நினைத்தேன். இழுத்தது நான் என்று நினைக்கவே இல்லை. என் கையில் ஒரு ஜீவன் சாகாமல் இருந்ததில் எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

பத்து நாள் கழித்து அப்பா அதை மண்வெட்டியில் ஏந்தி ஏரிக்கரையில் ஒரு பொந்தின் வாயில் விட்டார். அது கொஞ்சம் சாய்ந்து சாய்ந்து உள்ளே போனது. போகிறவரை எண்ணிக்கொண்டே நின்றேன்.

ஏழு.