இண்டுக்கை எங்கே அனுப்புவது?

போன ஞாயிற்றுக்கிழமை புந்தோங்கில் அக்கா வீட்டில் கூடினோம். அண்ணன், நான், தம்பி சேகர். நாங்கள் மூன்று பேரும் ஒன்றாகச் சேர்ந்தால் கல்யாணம், இல்லாவிட்டால் கருமாதி. இந்த முறை இரண்டும் இல்லை.

அக்கா குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டார். இடுப்பெலும்பு உடைந்துவிட்டது. பெரிய ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் செய்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். இனிமேல் யாராவது தூக்கிவிட்டால்தான் எழுந்திருக்க முடியும். அக்காவுக்குக் கல்யாணம் ஆகவில்லை. தனியாக இருப்பவர். இதுவரை நானும் சேகரும் மாற்றி மாற்றி லீவு போட்டுப் பார்த்தோம், அண்ணனும் வந்து போனார். லீவு முடிந்துவிட்டது.

இனி யார் தூக்குவது?

அதைப் பேசத்தான் சமையலறையில் நின்றோம். அக்கா முன்னறையில் கட்டிலில் படுத்திருந்தார். ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. நாங்கள் பேசுவது காதில் விழாது என்று நினைத்தோம்.

இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். எங்கள் வீட்டில் அக்காவுக்கு ஒரு பட்டப் பெயர் உண்டு. இண்டுக். வைத்தது அண்ணன். அவர் லுமுட் கடற்படைத் தளத்தில் சமையல்காரராக இருந்து பென்ஷன் வாங்கியவர். விமானம் தாங்கிக் கப்பலை மலாயில் 'கப்பால் இண்டுக்' என்பார்கள். இண்டுக் என்றால் தாய். நம் நாட்டில் அப்படி ஒரு கப்பல் கிடையாது. கிள்ளான் துறைமுகத்துக்கு வெளிநாட்டுக் கப்பல் ஒன்று வந்தபோது அண்ணன் போய்ப் பார்த்தார். வீட்டுக்கு வந்து சொன்னார்: "அது மேலேருந்துதான் பறக்குறானுங்க, அது மேலயேதான் எறங்குறானுங்க. நம்ம அக்கா மாதிரிலா!"

அன்றிலிருந்து இண்டுக்.

பொய் இல்லை. ரப்பர் எஸ்டேட்டில் அம்மா செத்த பிறகு எங்களுக்கு அக்காதான். பால் மரம் வெட்டி எங்களைக் காப்பாற்றினார். எஸ்டேட்டை முதலாளி விற்று, அது வீடமைப்புப் பகுதி ஆன பிறகு எங்களைப் புந்தோங்குக்குக் கூட்டி வந்தார். அண்ணன் கடற்படைக்குப் போனது இந்த வீட்டிலிருந்து. சேகர் சிங்கப்பூருக்குப் போனதும் இங்கிருந்துதான். எனக்கு லோரி வேலை போனபோது நான் வந்து இறங்கியது இங்கே. சேகருக்கு முதல் கல்யாணம் உடைந்தபோது அவன் வந்து இறங்கியதும் இங்கேதான். 'ஏன்டா வந்தே' என்று அக்கா யாரையும் கேட்டதில்லை.

சரி... ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன்.

கேட்டது சேகர். "அப்ப இண்டுக்க எங்கதான்ணே அனுப்புறது?"

அந்த நேரம் பார்த்து ரேடியோவில் பாட்டு முடிந்திருந்தது.

"யார எங்கடா அனுப்புறீங்க?" முன்னறையிலிருந்து அக்கா.

சேகருக்கு முகம் செத்துப்போனது. அண்ணன்தான் சமாளித்தார். "ஒன்ன இல்லக்கா! கப்பலு. நெசமான கப்பலு. வயசான இண்டுக்க எல்லாம் எங்க அனுப்புறாங்கன்னு பேசிக்கிட்டு இருக்கோம்."

"அப்படியா? எங்க காட்டு, நானும் பாக்குறேன்."

சொன்ன பொய்க்குச் சாட்சி வேண்டுமே. அண்ணன் போனை எடுத்தார். கடற்படையை விட்டு வந்தும் அவர் போனில் எல்லாம் கப்பல் வீடியோதான். மூன்று பேரும் கட்டிலைச் சுற்றி நின்றோம்.

முதலில் அமெரிக்கக் கப்பல். "இது மியூசியம்கா. டிக்கெட் வாங்கிட்டு ஏறிப் பாக்குறாங்க."

"நல்லாருக்கே. எல்லாத்தையும் இப்படி வச்சுப் பாப்பாங்களா?"

"இல்லக்கா, ஒன்னு ரெண்டுதான். வச்சுப் பாக்குறது ரொம்ப சூசா, கஷ்ட..." சொல்லி முடிப்பதற்குள் சேகர் அவர் முதுகில் கிள்ளினான்.

அடுத்தது சீனாவில். ரஷ்யாக்காரனின் பழைய கப்பலை வாங்கி உள்ளே ஓட்டல் வைத்திருக்கிறார்கள். அடுத்தது இந்தியாவில். வெட்டிவிட்டார்கள். அந்த இரும்பைப் போட்டு மோட்டார் சைக்கிள் செய்து விற்றார்களாம்.

"அப்ப இன்னும் ஓடுதுன்னு சொல்லு" என்றார் அக்கா.

"ஓடுதுக்கா."

அமெரிக்காக்காரன் சிலதை ஒரே ஒரு காசுக்குக் கொடுத்திருக்கிறான். இழுத்துக்கொண்டு போய் வெட்டிக்கொள், எனக்குச் செலவு வைக்காதே என்று. அக்கா அதை நம்பவில்லை. "ஒரு காசா? சும்மா ரீல் விடாதடா" என்றார். அண்ணன் சத்தியம் செய்தார்.

கடைசி வீடியோ. ஒரு சின்னப் படகு பெரிய கப்பலை இழுத்துப் போகிறது. அண்ணன் தள்ளிவிடப் பார்த்தார். அக்கா விடவில்லை.

"இது என்னா?"

"இது பிரேசில் கப்பலுக்கா. வெட்டுறதுக்கு வித்துட்டாங்க. துருக்கிக்கு இழுத்துட்டுப் போனாங்க. பாதி வழியில துருக்கிக்காரன் வேணாம்னுட்டான்."

"அப்பறம்?"

"திருப்பிக் கொண்டாந்தாங்க. சொந்த ஊருலயும் எந்த போர்ட்டும் உள்ள விடல."

"அப்பறம்?"

"கடல்லயே சுத்துச்சு."

"அப்பறம்டா?"

அண்ணன் போனைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "ஆழமான எடமா பாத்து அவுங்களே முக்கிட்டாங்கக்கா."

ரேடியோவில் யாரோ சிரித்தார்கள்.

"ஏன் உள்ள விடல?"

"உள்ளார ஆஸ்பெஸ்டாஸ். வெஷம்கா."

"அதுக்குள்ள ஆளுங்க இருந்தாங்களே, அப்ப வெஷம் இல்லியா?"

அக்கா சிரித்தார். சிரித்தால் இடுப்பு வலிக்கும். முகத்தைச் சுளித்துக்கொண்டே சிரித்தார்.

கப்பலைக் கட்டுகிறபோது அதில் எத்தனை விமானம் நிற்கும் என்று கணக்குப் போடுகிறார்கள். கடைசியில் கப்பல் எங்கே போய் நிற்கும்? அந்தக் கணக்கை எவன் போடுகிறான்? நாங்களும் போடவில்லை.

"போன வைடா" என்றார் அக்கா. "கப்பல் கத போதும். மூணு பேரும் என்னா முடிவு பண்ணீங்க?"

சொன்னோம். வேறு வழி? அண்ணன் இருப்பது மருமகன் வீட்டில், அவருக்கே ஹாலில்தான் படுக்கை; இங்கே வந்து தங்கினாலும் இந்த வயசில் தனியாளாகத் தூக்க முடியாது. எனக்கு நாலாவது மாடி, லிஃப்ட் இல்லை. சேகருக்கு வீடு ஜோகூரில், வேலை சிங்கப்பூரில். விடியும் முன்னே புருஷனும் பெண்டாட்டியும் பாலம் தாண்டினால் இருட்டிய பிறகுதான் திரும்புவார்கள். மூன்றும் உண்மை. அதுதான் கொடுமை. ஒன்றாவது பொய்யாக இருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம்.

அக்கா எல்லாவற்றையும் கேட்டார். "செமோர்ல ஒரு முதியோர் இல்லம் இருக்காம். ஆஸ்பத்திரி நர்ஸு சொன்னுச்சு. கேட்டுப் பாரு" என்றார்.

சேகர் வெளியே போய் போன் செய்தான். திரும்பி வந்து வாசலிலேயே நின்றான்.

"எடம் இருக்குக்கா. காசு வேணாம்ங்கிறாங்க. ஆனா... யாரும் இல்லாதவங்கள மட்டும்தான் எடுப்பாங்களாம். கூடப் பொறந்தவங்க இருந்தா முடியாதாம்."

காசு கட்டுகிற இல்லங்களை நாங்கள் முன்பே விசாரித்திருந்தோம். எட்டாது.

அக்கா சொன்னார்: "சரி. புதன்கெழம போலாம்."

"எப்படிக்கா? அதான் எடுக்க மாட்டாங்களே."

"போலாம்னா போலாம்லா. வேன மட்டும் கொண்டா."

புதன்கிழமை போனோம். சேகர் சம்பளமில்லாத லீவில் வந்து வேன் ஓட்டினான். நானும் அண்ணனும் அக்காவை நாற்காலியோடு தூக்கி இறக்கினோம். முன்பைவிட இளைத்துப்போயிருந்தார்.

இல்லத்தைப் பார்த்துக்கொள்ளும் அம்மா வந்தார். நல்ல முகம். அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு எங்களைக் காட்டி, "இவங்கள்லாம் யாரும்மா?" என்று கேட்டார்.

எங்கள் நாலு பேருக்கும் ஒரே மூக்கு. அவர் கவனித்தாரோ என்னவோ.

அக்கா எங்களைத் திரும்பிப் பார்க்கவில்லை. "பக்கத்து வீட்டுப் புள்ளைங்கம்மா. தூக்கியார ஒத்தாசைக்கு வந்தாங்க. எனக்குன்னு யாரும் இல்ல."

அண்ணன் நாற்காலியை விட்டு ஒரு அடி தள்ளி நின்றார்.

அந்த அம்மா எங்களைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். "இந்தக் காலத்துல சொந்தக்காரங்களே எட்டிப் பாக்குறதில்ல. நீங்கள்லாம் நல்லா இருக்கணும்."

நாங்கள் மூன்று பேரும் நன்றி சொன்னோம்.