ஈரலைத் தாண்டிய பொட்டலம்

உள்ளறையில் சீராக ரீங்கரித்துக்கொண்டிருந்த இயந்திரம் திடீரெனக் கரகரத்தது. எதிரே இருந்தவரிடம் பேசிக்கொண்டிருந்த கண்ணாத்தாள் வார்த்தையை அந்தரத்தில் விட்டுவிட்டு எழுந்து ஓடினார். மறுபடி ரீங்காரம் கேட்ட பிறகுதான் கையைத் துடைத்தபடி வந்து உட்கார்ந்தார்.

"குழாயில காத்து புகுந்துருச்சுங்க. கொழுப்பும் தண்ணியும் சொன்ன வேகத்துல கலக்கோணும். இல்லீன்னா பொட்டலம் பெருத்துப் போகும்."

பொட்டலம் என்பது அவருடைய சொல். மரபணுவில் பிறவிப் பிழை உள்ளவருக்குச் பிழையில்லாத மரபணுச் செய்தியையே மருந்தாக உடம்புக்குள் அனுப்பலாம். ஆனால் அது வெறுமனே போனால் வழியிலேயே சிதைந்துவிடும். கண்ணுக்குத் தெரியாத கொழுப்புத் துகளுக்குள் பொதிந்து, போய்ச் சேரும் இடத்தில் மட்டும் பிரியும்படி அனுப்ப வேண்டும். உலகம் அதை நானோ துகள் என்கிறது. வெண்ணந்தூர் தறிக்காரர் மகளான கண்ணாத்தாளுக்கு எப்போதும் அது பொட்டலம்தான்.

வெளிநாட்டில் முனைவர் பட்டம் பெற்றவர் அங்கேயே சுகமாக இருந்திருக்கலாம். திரும்பி வந்து அஸ்தம்பட்டிச் சந்தில் ஒரு வாடகை வீட்டை ஆய்வகமாக்கினார். தொடக்கத்தில் கொழுப்பு வாங்க வசதி இல்லை. நாமக்கல் முட்டையிலிருந்து தாமே பிரித்தெடுத்தார். "மஞ்சக்கரு மருந்துக்கு, வெள்ளக்கரு மத்தியானச் சோத்துக்குங்க" என்று இன்றும் சிரிக்கிறார். எலிக்கு ஊசி போடும் முன் அதன் முதுகைத் தடவி, "பொறுத்துக்கோ சாமி" என்பார்.

அவரை ஆண்டுக்கணக்கில் அழவைத்தது ஈரல். அனுப்பிய மருந்தெல்லாம் அங்கேயே தங்கிவிடும். "எந்த விலாசம் எழுதுனாலும் ஈரல்காரன் வாங்கி வச்சுக்கறானுங்க!" போன வருடம்தான் ஒரு பொட்டலம் அவனைத் தாண்டித் தசைக்குப் போய்ச் சேர்ந்தது. நடக்க முடியாத எலிகள் நடந்தன. நாளிதழில் செய்தி வந்தது.

எதிரே அமர்ந்திருந்த தீனதயாளனை இழுத்து வந்தது அந்தச் செய்திதான். சேந்தமங்கலத்தில் கோழிப்பண்ணை வைத்திருப்பவர். மகள் கிருத்திகாவுக்குத் தசைகள் ஒவ்வொன்றாகச் சோர்ந்துபோகும் பிறவி நோய். இந்த ஆடியோடு அவள் படியேறுவதும் நின்றுபோயிற்று. குஞ்சுகளுக்குத் தடுப்பு மருந்து வாங்கிவரும் ஐஸ் பெட்டியை மடியில் வைத்திருந்தார்.

"ஒரு டோஸ் குடுங்க டாக்டரம்மா. ஊசி நானே போட்டுக்கறேன். கோழிக்குப் போட்டுப் போட்டுப் பழகுன கைங்க இது."

"கோழியும் புள்ளையும் ஒண்ணுங்களா தம்பி?"

"எலி நடந்துச்சுன்னு பேப்பர்ல போட்டிருந்தாங்களே!"

"நடந்துச்சுங்க. அதுல சிலது செத்தும் போச்சு. அதைப் பேப்பர்காரங்க போடலை. ஏன் செத்துச்சுன்னு எனக்கே இன்னும் வெளங்கலீங்க."

"உங்களுக்கு வெளங்கற வரைக்கும் எம்புள்ள இருக்கோணுமல்லங்க? உங்க வயித்துல பொறந்திருந்தா இப்படிப் பேசுவீங்களா?"

கண்ணாத்தாளின் கண்கள் நிறைந்து வழிந்தன. அவர் துடைக்கவில்லை.

"எனக்குப் பொறந்திருந்தா இன்னும் பயந்திருப்பேனுங்க. மனுசருக்குக் குடுத்துப் பாக்க அனுமதி கேட்டிருக்கறேன். கெடைச்ச அன்னிக்கே உங்களுக்குச் சொல்றேன். பாப்பாவுக்கு ஆகுமான்னு டாக்டருங்க பாக்கட்டும். அதுவரைக்கும் இது இந்த ஊட்டைத் தாண்டாது."

தீனதயாளன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு எழுந்தார். துக்க வீட்டிலிருந்துதான் சொல்லிக்கொள்ளாமல் கிளம்புவது வழக்கம். அவர் அப்படித்தான், ஒரு வார்த்தை பேசாமல் படியிறங்கினார்.

கண்ணாத்தாள் வாசற்கதவைப் பிடித்தபடி கூப்பிட்டார்.

"தம்பி! இது எழவு ஊடு இல்லீங்க. சொல்லீட்டுப் போங்க."

வண்டிச் சாவியைத் திருகப் போன கை நின்றது. அந்தத் தகப்பன் திரும்பிப் பார்த்தார்.

"பாப்பாவோட வாரேனுங்க, அக்கா."

வண்டி ஏற்காடு சாலையில் திரும்பி மறைந்த பிறகே கண்ணாத்தாள் கதவைச் சாத்தினார்.