மெதுவா மிஸ்

பிள்ளைகள் அவளுக்கு வைத்த பெயர் 'மெதுவா மிஸ்'. குவளையைத் தூக்கினாலும் நாற்காலியை நகர்த்தினாலும் "மெதுவா, மெதுவா" என்பாள்.

மாண்டிசோரிப் பயிற்சி முடித்த கையோடு, அண்ணன் வீட்டுக் கீழ்த்தளத்தில் அவள் தொடங்கிய பள்ளி அது. மேசையெல்லாம் முழங்கால் உயரம். மூன்று வயதுப் பிள்ளைகள் ஜாடியிலிருந்து ஜாடிக்குத் தண்ணீர் ஊற்றினார்கள், சிந்தியதைத் தாங்களே துடைத்தார்கள், உப்புத்தாளில் வெட்டி ஒட்டிய எழுத்தை விரலால் தடவித் தடவிப் படித்தார்கள். வேலையில் மூழ்கிய பிள்ளையைக் கூப்பிடக் கூடாது, பாராட்டக்கூடக் கூடாது என்பது அவள் விதி. அந்த நேரத்தில் அண்ணன் எட்டிப் பார்த்தால் கையைப் பிடித்து வெளியே தள்ளிவிடுவாள்.

"என் வீட்ல எனக்கே இடமில்ல" என்று அவரும் சிரித்துக்கொண்டே போவார்.

பெரிய பள்ளிகள் முதல் வகுப்புக்கே எழுத்துத் தேர்வு வைக்க ஆரம்பித்ததும் அந்தச் சிரிப்பு நின்றது. ஒரு பையனின் அப்பா வாசலில் நின்று கத்தினார்: "ரெண்டு வருஷமா தண்ணி ஊத்துறான், தரை துடைக்கிறான். ஹோட்டல் வேலைக்கா அனுப்பப் போறேன்? பேரை எழுதச் சொன்னா முழிக்கிறான்!"

"எழுதுவான் சார். கை தயாராகிட்டிருக்கு. இன்னும் கொஞ்சம்..."

"உங்களுக்கு அது கொஞ்சம். எனக்கு சீட் போச்சு."

அந்த வருடம் பாதிப் பிள்ளைகள் எதிர்த்தெருப் பள்ளிக்குப் போய்விட்டார்கள். அதுவரை பள்ளியின் அலுவலக வேலையை மட்டும் பார்த்த அண்ணி, பள்ளியையே கையில் எடுத்துக்கொண்டாள். விடுமுறை முடிந்து திறந்தபோது வரிசையாக டெஸ்க், ஆளுக்கொரு எழுத்துப் பயிற்சிப் புத்தகம். பிள்ளைகள் அடுக்கிய கோபுரக் கட்டைகள், எண்ணிப் பழகிய மணிச்சரங்கள் எல்லாம் வரவேற்பறைக் கண்ணாடி அலமாரியில், பூட்டோடு.

"அண்ணி, இதெல்லாம் பிள்ளைங்க கைல இருக்க வேண்டியது."

"பேரண்ட்ஸ் பார்க்க வர்ற அன்னைக்கு எடுத்துக்கலாம்மா. போர்டுல மாண்டிசோரின்னு போட்டிருக்கோம்ல?"

அண்ணனிடம் போனாள். "ஸ்கூல் நடக்கணுமா, வேண்டாமா? நீயே சொல்லு" என்றார் அவர்.

கல்யாணம்கூட வேண்டாமென்று அந்தக் கீழ்த்தளமே கதியாகக் கிடந்தவள். தன் பள்ளியிலேயே ஒப்புக்குச் சப்பாணி ஆனாள்.

ஒரு அட்மிஷன் நாளில், வந்தவர்கள் பார்ப்பதற்காக நாலு வயதுப் பெண் ஒருத்தியைப் பாயில் உட்கார வைத்திருந்தார்கள். முன்னால் ஒரு நீளக் கட்டை. அதிலிருந்த குழிகளில் அளவு பார்த்து மர உருளைகளைப் பொருத்த வேண்டும். கடைசி உருளை சேராமல் போக, எல்லாவற்றையும் வெளியே எடுத்து முதலிலிருந்து ஆரம்பித்தாள். "எவ்வளவு பொறுமை!" என்று வியந்து, தங்கள் பிள்ளையைச் சேர்த்துவிட்டு வந்தவர்கள் கிளம்பினார்கள். அவர்கள் போனதுகூட பாயில் இருந்தவளுக்குத் தெரியாது.

"அதை வாங்கி வை. ரைட்டிங் கிளாஸ் தொடங்கியாச்சு" என்றாள் அண்ணி.

"இன்னும் ரெண்டே ரெண்டுதான் அண்ணி."

"நீ வாங்குறியா, நான் வாங்கட்டுமா?"

அண்ணி வாங்கினால் பிடுங்குவாள். அதனால் மிஸ்ஸே மண்டியிட்டு, உருளையோடு மூடியிருந்த குழந்தையின் கை விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். குழந்தை அவள் முகத்தையே பார்த்தது.

"நான் இன்னும் முடிக்கல மிஸ்."

அப்புறம்தான் அழுதது. அலமாரி பூட்டப்பட்டது.

அன்று மாலையே, போகிறேன் என்று அண்ணனிடம் சொன்னாள். "அந்தச் சாமானை மட்டும் கொடுத்துடுங்கண்ணா."

அவர் மனைவியைத் திரும்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "அது ஸ்கூல் சாமான். போறது நீதானே, ஸ்கூல் இல்லையே."

இப்போது அவள் ஓர் அலுவலகக் கட்டடத்தின் குழந்தைகள் காப்பகத்தில் வேலை பார்க்கிறாள். அங்கே நாள் முழுவதும் டிவி ஓடும். வந்த புதிதில் ஒருநாள் அதை அணைத்தாள். "அழுதா மேல சத்தம் கேக்கும்" என்று மேற்பார்வையாளர் வந்து திரும்பப் போட்டார். அதன் பிறகு அவள் தொடுவதில்லை.

போன மாதம் பள்ளியின் இரண்டாவது கிளைக்குத் திறப்பு விழா. அண்ணன் போன் செய்தார். "நீ ஆரம்பிச்சது, நீ இல்லாம எப்படி? சும்மா வந்து உக்காந்தா போதும்."

"வேலை இருக்குண்ணா."

"ஞாயித்துக்கிழமை என்ன வேலை?"

அண்ணி போனை வாங்கிக்கொண்டாள். "சரி, உன் போட்டோவை வெச்சுக்கறோம்."

"வெச்சுக்குங்க."

வைத்தார்கள். நல்ல கூட்டமாம். அன்றைக்கே எல்லா இடமும் நிரம்பிவிட்டதாம்.