லித்துவேனிய மொழியில் ‘போட்டு வாறன்’

ஞாயிற்றுக்கிழமைப் பின்னேர ரயில். நான் யன்னலைப் பார்த்தபடி "மலோனு சுசிபஜின்தி, மலோனு சுசிபஜின்தி" என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். எதிரே இருந்த வெள்ளைக்காரப் பெண்மணி முதலில் தன் கைப்பையை எடுத்து மடியில் வைத்தார். அடுத்த நிலையம் வருமுன் தானே எழுந்து பக்கத்துப் பெட்டிக்குப் போய்விட்டார். அருகில் என் மனைவி. எட்டு மாதம். மடியில் இடமில்லாததால் முழங்காலில் ஒரு பிஸ்கட் ரின். அதற்குள் அவள் காலையிலிருந்து இடுப்பைப் பிடித்துப் பிடித்துச் சுட்ட பயத்தம் பணியாரம். "மெல்லச் சொல்லுங்கோப்பா, சனம் பேய் பிடிச்சிருக்கெண்டு நினைக்குது" என்றாள். சனம் நினைத்தால் நினைக்கட்டும். எனக்கு அந்தச் சொற்கள் மறந்தால் எங்களுக்கு வீடில்லை.

எழுபதுகளின் நடுப்பகுதி. மெல்பேணுக்கு வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. ஒரு சலவைக் கடைக்கு மேலே ஒற்றை அறையில் குடியிருந்தோம். மற்றக் குடித்தனக்காரர்களோடு சேர்ந்து பாவிக்கும் குசினியில் என் மனைவி கடுகு தாளித்தால் மாடி முழுவதும் கதவுகள் படார் படாரென்று சாத்துப்படும். வீட்டுச் சொந்தக்காரர் அவள் வயிற்றைப் பார்த்த அன்றே சொல்லிவிட்டார்: குழந்தை பிறந்தால் இங்கே இடமில்லை, அதற்குமுன் வேறு இடம் பாருங்கள். பார்த்தோம், பார்த்தோம், கால் தேயப் பார்த்தோம். தொலைபேசியில் கேட்டால் வீடு இருக்கும். நேரில் போய் நின்றால் "இப்பதான் போச்சு" என்பார்கள். கறுத்த முகத்தைக் கண்டதும் வீடுகளுக்கு எங்கிருந்துதான் அவ்வளவு அவசரமாக ஆள் கிடைத்ததோ! பிள்ளையை ஆஸ்பத்திரியிலிருந்து எங்கே கொண்டுபோவது என்ற கேள்வியோடு தினமும் படுத்து, அதே கேள்வியோடு எழும்பினோம்.

நான் வேலை செய்த இயந்திரத் தொழிற்சாலையில் எனக்குப் படம் வரையும் வேலை. கீழ்த்தளத்துப் போர்மன் லித்துவேனியர். என் வயதுதான், யுத்த காலத்தில் தாயோடு அகதியாக வெளிக்கிட்டு, ஜெர்மனியில் முகாமில் கிடந்து, இங்கே வந்து சேர்ந்தவர். நான் வீடு தேடி அலைவதைக் கேட்டுவிட்டு ஒருநாள் சொன்னார், சன்ஷைன் என்ற புறநகரில் தன் தாயின் வீட்டுக்குப் பின்னால் இரண்டு அறையும் தனிக் குசினியும் சும்மா கிடக்கின்றன என்று. அவர் சொன்னது இங்கிலீஷில். நான் என் தமிழில் எழுதுகிறேன்.

"ஆனா ஒரு சிக்கல் ஐசே. போன குடித்தனக்காரரை அம்மா கலைச்சுவிட்டா."

"ஏன், வாடகை தரேல்லையோ?"

"வாடகை ஒழுங்காத் தந்தவை. காலமையிலை அம்மாவைக் கண்டால் வணக்கம் சொல்லுறேல்லை. ஒருநாள் அவையின்ரை கட்டிலைத் தானே இழுத்துக்கொண்டுபோய் ரோட்டிலை வைச்சிட்டா."

இப்போது நான் இருக்கிற வெரிபீயில் பக்கத்து வீட்டுக்காரர் காரிலிருந்து ஒரு விரலைத் தூக்குவார். நானும் ஒரு விரலைத் தூக்குவேன். பல வருஷ அறிமுகம் அவ்வளவுதான். போர்மனின் தாயார் போனியாவிடம் இது நடந்திருக்காது. ‘போனியா’ என்றால் அவர்களுடைய மொழியில் அம்மையார் என்ற மாதிரி. நாங்கள் கடைசிவரை அவரை அப்படித்தான் கூப்பிட்டோம். கறுப்பு, வெள்ளை எல்லாம் அம்மாவுக்குப் பிரச்சினையில்லை, தன் மொழியில் முறையாக வணக்கம் சொல்லித் தன்னை அறிமுகம் செய்கிற மனிதனா என்றுதான் பார்ப்பார் என்றார் போர்மன். இங்கிலீஷில் போனியாவுக்குத் தெரிந்ததெல்லாம் இறைச்சிக் கடைக்காரனோடு சண்டை பிடிக்கத் தேவையான சொற்கள் மட்டும்தான்.

அன்று மதியமே பாடம் தொடங்கிவிட்டது. கடைசல் இயந்திரங்களின் இரைச்சலுக்கு மேலால் அவர் கத்துவார், நான் திருப்பிக் கத்துவேன். "லபா தியெனா" என்றால் பகல் வணக்கம். "மலோனு சுசிபஜின்தி" என்றால் உங்களை அறிந்ததில் மகிழ்ச்சி. "அஷ் எஸு" என்றால் நான் இன்னார். அதற்குப் பிறகு பெயரைச் சொல்ல வேண்டும். அங்கேதான் இடித்தது. எந்தப் பெயரைச் சொல்வது? தொழிற்சாலையில் எல்லோரும் என்னை என் அப்பாவின் பெயரால் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். முன்னுக்கு இருப்பது தகப்பன் பெயர், பின்னுக்கு இருப்பதுதான் நான் என்று எத்தனை தரம் சொன்னாலும் அந்த மண்டைகளில் ஏறவில்லை. எங்கள் பக்கத்தில் பெயரையா முதலில் கேட்கிறார்கள்? எந்த ஊர், யாற்றை மகன், இந்த இரண்டுக்கும் பதில் சொன்னால் மிச்சத்தை அவர்களே கண்டுபிடித்துவிடுவார்கள், நீங்கள் படிக்கிற காலத்தில் சுவரேறிக் குதித்தது உட்பட. போர்மன் கடைசியில் என் பெயரையே எடுத்து, அதன் வாலில் ஓர் ‘அஸ்’ ஒட்டித் தந்தார். ஆண்பிள்ளை பெயரென்றால் அப்படி முடிந்தால்தான் அம்மாவுக்கு நாக்கில் நிற்குமாம். தொழிற்சாலையில் அப்பாவாக இருந்தவன் சன்ஷைனில் அஸ் ஆனேன்.

நன்றிக்கு "ஆச்சூ". அதை வீட்டில் சொல்லிப் பழகியபோது என் மனைவி குசினியிலிருந்து "நூறு!" என்றாள். தும்முகிறேன் என்று நினைத்துவிட்டாள். விஷயத்தைச் சொன்னதும் கதிரையில் இருந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து எத்தனையோ நாளாகியிருந்தது. வாசற்படிக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் நின்று கைகொடுக்கக் கூடாது, அது தரித்திரம் என்றும் போர்மன் சொல்லியிருந்தார். அதைக் கேட்டதும் அவளுக்கு முகம் மலர்ந்துவிட்டது. "எங்கடை அம்மாவும் வாசல்படியிலை நிண்டு ஒண்டும் குடுக்க விடமாட்டா. நல்ல மனிசி போலைதான் கிடக்கு."

எல்லாம் சரிவந்து கொண்டிருந்தபோது அவளே ஒரு கேள்வியைப் போட்டாள். "வெளிக்கிடேக்கை என்ன சொல்லுறது?" போர்மன் தந்திருந்தது "வீசோ கேரோ". எல்லாம் நல்லது, அவ்வளவுதான். அவளுக்கு அது சரிப்படவில்லை. "எல்லாம் நல்லதெண்டு சொல்லிப்போட்டுப் பேசாமல் எழும்பி வாறதே? செத்தவீட்டிலை இருந்துதான் அப்பிடி வாறது. வயித்திலை பிள்ளையோடை போறன், ‘போட்டு வாறன்’ எண்டு சொல்லாமல் நான் ஒரு வீட்டாலை வெளிக்கிடமாட்டன். அதுக்குச் சொல் கேட்டுக்கொண்டு வாங்கோ."

மறுநாள் போர்மனைப் பிடித்தேன். ஒரு இயந்திரம் நின்றுபோய் அவர் அதற்குள் தலையை விட்டுக்கொண்டிருந்தார். போகிறேன், திரும்பி வருவேன் என்று எப்படிச் சொல்வது என்று கேட்டேன். தலையை எடுக்காமலே "இஷெய்னு இர் க்ரீஷு" என்றார். நான் மனப்பாடம் செய்துகொண்டேன். அவளும் செய்துகொண்டாள். அவள் கற்ற ஒரே லித்துவேனிய வாக்கியம் அது.

ஞாயிற்றுக்கிழமை போர்மன் வரவில்லை. தனியாகச் சமாளித்தால்தான் அம்மா மதிப்பா என்று சொல்லிவிட்டு மீன்பிடிக்கப் போய்விட்டார். கதவு திறந்தது. நெடிய உருவம், இறுக்கிக் கட்டிய கொண்டை, நீல ஏப்ரன். படியைத் தாண்டி உள்ளே போய் நின்று, கை கொடுத்து, லபா தியெனா சொல்லி, அஷ் எஸு சொல்லி, அஸ்ஸையும் மறக்காமல் ஒட்டி, மலோனு சுசிபஜின்தி என்று முடித்தேன். ஒரு பிழை இல்லை. அதுதான் வினையாகப் போயிற்று. மனிசன் நன்றாகப் பேசுகிறான் என்று நினைத்த போனியா, மடை திறந்தமாதிரி லித்துவேனிய மொழியைக் கொட்டத் தொடங்கினார். எனக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. என்ன கேட்டாலும் "மலோனு சுசிபஜின்தி" என்றேன். அவர் ஏதோ சோகமாகச் சொன்னார். உங்களை அறிந்ததில் மகிழ்ச்சி என்றேன். முழங்காலைத் தொட்டு நோவென்று காட்டினார். அதற்கும் மகிழ்ச்சி என்றேன். கடைசியில் என்னைக் கைவிட்டுவிட்டு, என் மனைவியின் வயிற்றில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். அவள் முதுகுக்குத் தலையணை வந்தது. எங்களுக்குப் பூப்போட்ட கிண்ணங்களில் ரோஸ் நிறத்தில் குளிர்ந்த பீட்ரூட் சூப் வந்தது. பணியாரத்தில் ஒன்றைக் கடித்து, பல்லுக்குப் பயந்து, தேநீரில் தோய்த்துச் சாப்பிட்டார். பின்னறைகளைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். அந்தக் குசினி யன்னலைத் திறந்து பார்த்தபோது என் மனைவியின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! கடுகைக் கண்டு சாத்துப்பட அங்கே வேறொரு கதவும் இல்லை.

கேற்றடியில் இரண்டு பேரும் சேர்ந்து, பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி, "இஷெய்னு இர் க்ரீஷு" என்றோம். போனியா ஒரு கணம் எங்களைப் பார்த்தார். பிறகு தலையை ஆட்டிவிட்டு விறுவிறென்று உள்ளே போனார். ரயிலில் வரும்போதே என் மனைவி தொட்டிலை எந்த மூலையில் வைப்பதென்று முடிவெடுத்துவிட்டாள்.

திங்கட்கிழமை காலை போர்மன் மேல்மாடிக்கு, என் மேசையடிக்கு ஏறி வந்தார். முகம் பேயறைந்த மாதிரி இருந்தது.

"நேற்று எங்கை ஐசே போனனீங்கள்?"

"வீட்டைதான்."

"வீட்டையோ! அம்மா பின்னேரம் முழுக்க உருளைக்கிழங்கு துருவிச் சமைச்சு, நாலு பேருக்கு மேசை போட்டு வைச்சுக்கொண்டு, பொழுது படுமட்டும் கேற்றடியிலை நிண்டவ. போனதுகள் வரேல்லை, அந்தப் பிள்ளைக்கு வழியிலை ஏதோ நடந்திட்டுதெண்டு என்னை ஆஸ்பத்திரிக்குத் துரத்தினவ. மீன் வாளியோடை நான் பிரசவ வார்டிலை போய் உங்கடை பேரைச் சொல்லிக் கேட்டனான்!"

"நீர்தானே அந்தச் சொல்லைத் தந்தனீர்!"

"கடையிலை பால் வாங்கப் போறீராக்கும் எண்டு நினைச்சன். இனி வராத ஆக்கள் திரும்பி வாறன் எண்டு சொல்லுவினமெண்டு நான் கண்டனே?"

எங்கள் ஊரில் எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள், பத்து வருஷத்துக்கு வராதவனும் அப்படித்தான் சொல்லிவிட்டுப் போவான் என்று விளக்கினேன். அவர் பக்கத்துக் கதிரையில் இருந்தார். குரல் இறங்கிவிட்டது. யுத்தம் ஊருக்குள் வந்தபோது இவர்கள் வண்டியில் சாமான் ஏற்றிக்கொண்டு வெளிக்கிட்டிருக்கிறார்கள். பட்டியில் பசு கட்டியபடி நிற்கிறது என்று தகப்பனுக்கு நினைவு வந்ததாம். அவிழ்த்துவிட்டுத் திரும்பி வருகிறேன் என்று சொல்லிக்கொண்டு போனவர்தானாம். அதற்குப் பிறகு தங்கள் வீட்டில் அந்தச் சொல்லை ஒருவரும் சும்மா சொல்வதில்லை என்றார். "வீட்டை மறந்திடும் ஐசே. சொன்ன சொல்லுக்கு வராத ஆக்களுக்கு இடமில்லை எண்டு அம்மா சொல்லிப்போட்டா."

அன்று ஒரு கோடும் நேராக வரைய முடியவில்லை. வீடு போனது ஒரு பக்கம். ஒரு வயதான மனிசியை, நிறைந்த மேசையோடு, கேற்றடியில் நிற்க வைத்துவிட்டோமே என்பது இன்னொரு பக்கம். மாலையில் அறைக்கு வந்து சொன்னேன். என் மனைவி கட்டிலில் இருந்தபடி முழுவதையும் கேட்டாள். அழுவாள் என்று பயந்துகொண்டிருந்தேன். அவள் எழும்பிச் செருப்பைத் தேடினாள்.

"சப்பாத்தைக் கழட்டாதேங்கோ. வெளிக்கிடுங்கோ."

"எங்கை?"

"வாறமெண்டு சொன்னனாங்கள்தானே? வீடு தந்தால் என்ன, தராட்டில் என்ன. போவம்."

போனியா கதவைத் திறந்தார். பின்னால், தாயைச் சமாதானப்படுத்த வந்திருந்த போர்மன். எனக்குத் தெரிந்த மொழி முழுவதும் அந்த நேரம் பார்த்து ஆவியாகிவிட்டது. பொழுது சாய்ந்த பிறகு "லபா தியெனா" என்றேன். போனியா தொடங்கினார். வாசலில் நின்று கைகொடுக்கக் கூடாது என்று சொல்லித்தந்தவர்கள், ஏச்சு வாங்குவதென்றால் எங்கே நின்று வாங்குவது என்று சொல்லித்தரவில்லை. நான் படிக்கு வெளியே நின்று வாங்கினேன். என் மனைவி என்னைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய் அவர் முன்னால் நின்றாள்.

"அம்மா, நாங்கள் பொய் சொல்லேல்லை. ‘போறன்’ எண்டு சொன்னால் எங்களுக்குப் பயம். திரும்பி வராமல் போயிடுவமோ எண்டு பயம். அதுதான் எல்லாரும் வாறமெண்டே சொல்லுறது. நீங்கள் பார்த்துக்கொண்டு நிப்பியளெண்டு தெரிஞ்சிருந்தால் நடந்தெண்டாலும் வந்திருப்பன்."

சுத்தமான யாழ்ப்பாணத் தமிழ். நான் அதை இங்கிலீஷில் சொல்ல, போர்மன் லித்துவேனிய மொழியில் சொன்னார். போனியா அசையாமல் கேட்டார். பிறகு உள்ளே போனார். குசினியில் வெண்ணெய் பொரிகிற சத்தம் கேட்டது. நேற்றைய உருளைக்கிழங்கு உருண்டைகளைக் குறுக்கே வெட்டிப் பொரித்துக்கொண்டு வந்து மேசையில் வைத்தார். வைத்துவிட்டு மகனிடம், எங்களைப் பார்க்காமலே, இரண்டு வசனம் சொன்னார்.

"என்னவாம்?" என்று கேட்டேன்.

போர்மன் மூக்கை உறிஞ்சினார். "சனிக்கிழமை சாமானை ஏத்திக்கொண்டு வரட்டாம். அப்பாவுக்குப் பிறகு அந்தச் சொல்லைத் தனக்குச் சொன்ன ஆக்கள் நீங்கள்தானாம். ஒரு நாள் பிந்தினாலென்ன, வந்திட்டினம் எண்டு சொல்லுறா."

அப்போதுதான் என் மனைவி அழத் தொடங்கினாள். போனியா அவளுடைய தட்டில் இன்னும் இரண்டு உருண்டைகளை வைத்து, "வால்கீக்" என்றார். அதை யாரும் எங்களுக்கு மொழிபெயர்க்கவில்லை. நாங்கள் சாப்பிட்டோம்.