கேட்காததைக் கேட்ட மனு

மலாக்கா டவுனை ஒட்டிய காஜா பேராங்கில் அப்பாசாமியிடம் மனு எழுதிக்கொள்ளாத தமிழ்க் குடும்பம் ஒன்று இருந்தால், அந்தக் குடும்பத்துக்கு ஒரு குறையும் இல்லை என்று அர்த்தம். பகலில் சீனர் ஒருவரின் மரக்கடையில் கிராணி, அதாவது குமாஸ்தா வேலை. சாயங்காலம் வீட்டு முன்கூடத்தில் டைப்ரைட்டர். குடியுரிமைக்கு, தண்ணீர்க் குழாய்க்கு, பள்ளிக்கூடத்தில் இடத்துக்கு என்று ஆட்கள் வந்து உட்கார்ந்திருப்பார்கள். கூலி என்று கை நீட்ட மாட்டார். புகழ்ச்சியை மட்டும் ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் வாங்கிக்கொள்வார்.

அவருடைய மனுவுக்கு ஒரு முறை உண்டு. கேட்கிறவன் எப்படியிருந்தாலும், காகிதத்தில் அவன் பட்டினி கிடந்தாக வேண்டும். பாலர் பள்ளி வாத்தியார் ஜெயபாலன் சம்பள உயர்வு கேட்டபோது, மூன்று வேளையும் மீன் குழம்பு சாப்பிட்டுக்கொண்டிருந்த அந்த மனிதரை அப்பாசாமி கஞ்சிக்கு வழியில்லாதவராக்கினார். உயர்வு கிடைத்தது. ஜெயபாலனுக்குத்தான் அதன் பிறகு பள்ளி மேலாளரின் முகத்தைப் பார்க்கக் கூச்சமாக இருந்தது. அதையெல்லாம் அப்பாசாமி கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை.

இந்த முறையை அவர் எந்தப் பள்ளியிலும் படிக்கவில்லை. பிறந்த ரப்பர் தோட்டத்தில் கற்றுக்கொண்டது. அவருக்குப் பன்னிரண்டு வயதிருக்கும்போது அவருடைய அப்பாவும் இன்னும் நாலு பேரும், கூலிகள் குடியிருந்த லயத்துக்குப் பின்னால் தாங்கள் திருத்திப் பயிர் வைத்த துண்டு நிலத்தைத் தங்களுக்கே எழுதித் தரச் சொல்லித் துரையிடம் போனார்கள். மறுநாள் ஐந்து பேருக்கும் வேலை இல்லை. அதே வாரம் பிள்ளைக்குக் காய்ச்சல் என்று காலில் விழுந்தவனுக்கு இரண்டு கம்பளி கிடைத்தது. அன்றைக்கு அப்பாசாமியின் மனதில் ஒன்று பதிந்துபோயிற்று. நமக்குச் சேர வேண்டியது என்று கேட்டால் உள்ளதும் போகும், இல்லாதவன் என்று கேட்டால் ஏதாவது வரும். அதை வைத்தே அவர் பிழைத்தார், பிறரையும் பிழைக்கவைத்தார். அவரைக் கெட்டவர் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கெட்டவராக இருந்திருந்தால் இந்தக் கதையைச் சுலபமாகச் சொல்லிவிடலாம்.

ஐம்பத்தாறாம் வருஷம், மலாயாவுக்குச் சுதந்திரம் வரப்போகிறது என்று ஊரெல்லாம் பேச்சாக இருந்த நேரம், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ராஜரத்தினம் அவரைத் தேடி வந்தார். லண்டனில் ஆதிகுடிகள் நேசர் சங்கம் என்று ஒன்று இருக்கிறதாம். கனடா, ஹாலந்து, ஆஸ்திரேலியா வரைக்கும் அதற்கு நண்பர்கள். உலகத்தில் எங்கெங்கே பூர்வகுடிகள் இருக்கிறார்களோ அங்கெல்லாம் உதவி அனுப்புகிறார்கள். மலாக்காவில் அதற்கு ஒரு கமிட்டி அமைத்து, ராஜரத்தினத்தைச் செயலாளராகப் போட்டிருந்தார்கள். சங்கத்தார் கேட்டது ஒன்றே ஒன்று. அந்த மக்களுக்கு என்ன வேண்டும் என்பதை அவர்கள் வாயாலேயே சொல்லக் கேட்டு, ஆங்கிலத்தில் எழுதி அனுப்ப வேண்டும். மலாயும் ஆங்கிலமும் ஒரே கையில் ஓடுகிற ஆள் அப்பாசாமி.

ஜாசின் பக்கம் பஸ்ஸில் போய், பிறகு இரண்டு மைல் நடந்து அந்த மக்களின் கம்பத்துக்கு, அதாவது கிராமத்துக்குப் போனார்கள். பதினேழு வீடுகள். டவுனில் அவர்களை இளக்காரமாகச் சாக்காய் என்பார்கள், அப்பாசாமியும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தார். தங்களைத் தெமுவான் என்று அவர்கள் சொன்னதைக் கேட்ட பிறகும் கொஞ்ச நாள் சொல்லிக்கொண்டுதான் இருந்தார். தலைவரை பாத்தின் என்பார்கள். பாத்தின் ஊஜாங்குக்கு அறுபது வயதிருக்கும். வந்தவர்களுக்குப் பாய் போட்டு, மரவள்ளிக்கிழங்கு அவித்துக் கொடுத்துவிட்டு, சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வந்தார்.

உடுக்க இருக்கிறது, சாப்பிட இருக்கிறது என்றார். குன்றின் அடிவாரத்தில் இருக்கும் டுரியான் பழத் தோப்பு அவர்களுடையது. ஒவ்வொரு மரத்துக்கும் பேர் உண்டு, நட்டவர் யார் என்று பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும். பக்கத்து ரப்பர் தோட்டக்காரர்கள் வந்து அளந்து, தோப்பைத் தாண்டிக் கல் நட்டிருக்கிறார்கள். நில அலுவலகத்தில் கேட்டால் காகிதம் எங்கே என்கிறார்கள். தங்களுக்காகப் பேச ஒரு வக்கீலை வைத்துத் தர வேண்டும், அது ஒன்று போதும், வேறு எதுவும் வேண்டாம். அப்பாசாமி அத்தனையையும் நோட்டில் குறித்துக்கொண்டு, மலாயில் திரும்பப் படித்தும் காட்டினார். பாத்தின் தலையசைத்தார்.

புறப்படுவதற்கு முன்னால் படம் எடுக்க வேண்டும் என்றார் ராஜரத்தினம். பாத்தின் உள்ளே போய் வெள்ளைச் சட்டை ஒன்றை மாட்டிக்கொண்டு, கழுத்துப் பொத்தான் வரை போட்டுக்கொண்டு வந்து நின்றார். அப்பாசாமி அவரைச் சட்டையைக் கழற்றச் சொன்னார். வெளிநாட்டில் அப்படியிருந்தால்தான் மனசு இரங்கும் என்று விளக்கமும் கொடுத்தார்.  தோப்புக்கு இது உதவும் என்று பாத்தின் நினைத்திருக்க வேண்டும். கழற்றி, மடித்து, மனைவி கையில் கொடுத்துவிட்டு வந்து நின்றார்.

வீட்டுக்கு வந்து டைப்ரைட்டர் முன்னால் உட்கார்ந்து காகிதத்தைச் செருகியதும் அப்பாசாமிக்குப் பயம் வந்தது. வெள்ளைக்காரத் தோட்டத்தோடு வழக்காட வெள்ளைக்காரர்களிடமே உதவி கேட்பதா? அப்பாவுக்கு நடந்ததுதான் இந்தப் பதினேழு வீட்டுக்கும் நடக்கும். முதலில் துணியும் பாலும் வரட்டும், தோப்பைப் பிறகு மெதுவாகப் பார்த்துக்கொள்ளலாம். அப்படித்தான் தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். மனு பிரமாதமாக வந்தது. மழையில் நடுங்கும் குழந்தைகள் இருந்தார்கள், அடுப்பு எரியாத குடிசைகள் இருந்தன. தோப்பைப் பற்றி ஒரு வரி இல்லை.

மனைவி பூங்காவனம் காப்பி கொண்டுவந்து வைத்தவள், என்ன கேட்டார்கள் என்று விசாரித்தாள். அவர் சொன்னார். என்ன எழுதியிருக்கிறீர்கள் என்று விசாரித்தாள். அதையும் சொன்னார்.

"ஏங்க, அவங்க கேட்டது ஒண்ணு, நீங்க எழுதினது ஒண்ணா?"

உனக்கு இதெல்லாம் புரியாது என்று சொல்லிவிட்டு உறையை ஒட்டினார்.

எட்டு மாதத்தில் வந்து குவிந்தது. கம்பளிப் போர்வை, டப்பாப் பால், மூட்டை மூட்டையாகத் துணி. கமிட்டியில் அப்பாசாமிக்கு மாலை போட்டார்கள். கம்பத்தில் பாத்தின் போர்வைகளை வாங்கி அடுக்கி வைத்துவிட்டு, வக்கீல் விஷயம் என்ன ஆயிற்று என்று கேட்டார். மேலே போயிருக்கிறது என்றார் அப்பாசாமி. அடுத்த முறையும் அதையே கேட்டார், இவரும் அதையே சொன்னார். சுதந்திரம் வந்தது, கொடி ஏறியது, தோப்பு விஷயம் மட்டும் மேலே போனபடியே இருந்தது.

ஐம்பத்தெட்டு ஜனவரியில் லண்டன் சங்கத்திலிருந்து மிஸ் ஹார்ட்லி என்ற அம்மையார் நேரில் வந்தார். ராஜரத்தினமும் அப்பாசாமியும் அவரைக் காரில் கம்பத்துக்கு அழைத்துக்கொண்டு போனார்கள். பதினேழு வீட்டுக்காரர்களும் வந்து உட்கார்ந்திருந்தார்கள். அம்மையார் கைப்பையைத் திறந்து ஒரு காகிதத்தை எடுத்தார். பாத்தினின் மனு எத்தனையோ நாட்டு நண்பர்களின் மனதைத் தொட்டது, அதை அவருக்கு முன்னாலேயே வாசிக்க ஆசை, நீங்கள் மொழிபெயர்த்துச் சொல்லுங்கள் என்றார் அப்பாசாமியிடம்.

அம்மையார் வாசித்தார். அடுப்பு எரியாத குடிசை, நடுங்கும் குழந்தை. ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நிறுத்தி அப்பாசாமியின் முகத்தைப் பார்த்தார். அடுப்பில் கிழங்கு வெந்துகொண்டிருந்த வீட்டின் முன்னால் நின்றுகொண்டு அதை மலாயில் எப்படிச் சொல்வது?   அப்பாசாமி பழைய நோட்டில் இருந்ததைச் சொல்ல ஆரம்பித்தார். டுரியான் தோப்பு, நட்ட கல், காகிதம், வக்கீல். அம்மையார் துணியைப் பற்றி வாசிக்க வாசிக்க, இவர் மரத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டே போனார். உட்கார்ந்திருந்தவர்கள் நிமிர்ந்தார்கள். கடல் கடந்து போயும் தங்கள் பேச்சு அப்படியே இருக்கிறதே என்று பாத்தினின் கண் கலங்கிவிட்டது.

"வக்கீல் எப்போது வருவார் என்று கேளுங்கள்" என்றார் பாத்தின்.

பாத்தின் என்ன சொல்கிறார் என்று அம்மையார் விசாரித்தார். போர்வைகள் மிகவும் நன்றாக இருக்கின்றனவாம், நன்றி சொல்கிறார் என்றார் அப்பாசாமி. அம்மையார் பாத்தினின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு ஆமாம், ஆமாம் என்று தலையாட்டினார். பாத்தின் தன் ஆட்களிடம் திரும்பி, வக்கீல் வந்துவிடுவாராம் என்றார். அடுத்த வாரம் தோப்புக்காக எல்லோருமாக ஜில்லா அதிகாரியின் ஆபீஸ் வாசலில் போய் உட்காருவதாக இருந்தோம், இனி அது தேவையில்லை என்று அப்பாசாமியிடமும் சொன்னார். அப்பாசாமி சிரித்துவைத்தார். அந்தச் சிரிப்பை நினைத்தால் செத்துவிடலாம் போலிருக்கும் என்று பின்னாளில் பூங்காவனத்திடம் சொல்லியிருக்கிறார்.

திரும்பும்போது காரில் அம்மையார் பேசிக்கொண்டே வந்தார். மற்ற நாடுகளில் சங்கத்தாரிடம் அதிகம் கேட்பது வக்கீல்தானாம். பூர்வகுடிகளின் நிலத்துக்காக வழக்காடுவதற்கென்றே கனடா நண்பர்கள் தனியாக ஒரு நிதி வைத்திருக்கிறார்களாம். இந்த மக்களுக்கு நல்ல காலம், துணியோடு தேவை தீர்ந்துவிட்டது என்றார். ராஜரத்தினம் ஆமோதித்தார். பின்சீட்டில் அப்பாசாமிக்கு அப்போதுதான் புரிந்தது. கேட்டிருந்தால் கொடுத்திருப்பார்கள். இப்போது சொன்னாலும் கொடுப்பார்கள். வாயைத் திறந்தால் போதும், மலாக்கா வர இன்னும் பத்து மைல் இருந்தது. பத்து மைலும் வாயைத் திறக்காமல் வந்து சேர்ந்தார்.

கப்பல் ஏறுவதற்குள் அம்மையாருக்குக் கடிதம் எழுதிவிடுவது என்று உட்கார்ந்தார். மூன்று முறை எழுதினார். மூன்றிலும் எப்படியோ தப்பு வேறு யார் மேலோ போய் விழுந்தது. ஊரார் கஷ்டத்தையெல்லாம் எழுதிய கைக்கு, நான் பொய் எழுதினேன் என்று ஒரு வரி வரவில்லை. கப்பல் போய்விட்டது.

அம்மையார் கம்பத்துக்கு வந்துபோன பன்னிரண்டாம் நாள் காலையில் பாத்தின் ஊஜாங் காஜா பேராங்குக்கு வந்தார். வீட்டைக் கேட்டுக் கேட்டு வந்து வாசலில் நின்றார். பூங்காவனம் உள்ளே வரச் சொல்லியும் வரவில்லை.

"முந்தாநாளிலிருந்து மரம் வெட்டுகிறார்கள். எங்கள் வக்கீல் வருகிறார், பொறுங்கள் என்று சொன்னோம். சிரிக்கிறார்கள். வக்கீல் எங்கே, கிராணி?"

அப்பாசாமி சொல்லிவிட்டார். நின்றபடியே, கதவைப் பிடித்துக்கொண்டு, மனுவில் எழுதியது, அன்றைக்கு மாற்றிச் சொன்னது, காரில் கேட்டது, எல்லாவற்றையும் சொன்னார். நல்லது நினைத்துத்தான் செய்தேன் என்று சேர்க்கப்போனார், அது வெளியே வரவில்லை. பூங்காவனம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். பாத்தின் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் அப்பாசாமிக்குக் கொஞ்சம் மூச்சு வந்திருக்கும்.

"உங்களை எழுதச் சொன்னேன்" என்றார் பாத்தின். "எங்களுக்கு என்ன வேண்டும் என்று உங்களைக் கேட்கவில்லை." வாசலை விட்டு இறங்கியபடி, "என்னிடம் மட்டும் சொன்னால் போதாது. மரங்கள் எனக்கு மட்டும் சொந்தமில்லை. வந்து எல்லோரிடமும் சொல்லுங்கள்."

இரண்டு பேரும் ஒரே பஸ்ஸில் போனார்கள். கம்பத்தில் பாத்தின் அவரை ஒவ்வொரு வீடாக அழைத்துக்கொண்டு போனார். ஒவ்வொரு வீட்டிலும் அப்பாசாமி முதலிலிருந்து சொல்ல வேண்டியிருந்தது. குன்றின் பக்கம் கோடாலிச் சத்தம் நிற்கவில்லை. சில வீடுகளில் சொல்லிக்கொண்டிருக்கும்போதே மரம் சாயும், வீட்டுக்காரர் அதன் பேரைச் சொல்லுவார், பிறகு இவர் தொடர வேண்டும். யாரும் திட்டவில்லை. ஒரு வீட்டில் தண்ணீர்கூடக் கொடுத்தார்கள்.

கடைசி வீட்டில் ஒரு பெண் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு முழுவதையும் கேட்டாள். அப்படியானால் அந்த ஊர்களில் எல்லாம் எங்களைப் பிச்சைக்காரர்கள் என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறார்களா என்றாள். அப்பாசாமி ஆமாம் என்றார். இன்றைக்கே உட்கார்ந்து உண்மையை எழுதி அனுப்புகிறேன், தோப்பில் மிச்சம் இருப்பதையாவது காப்பாற்றலாம், நீங்கள் சொல்வதை ஒரு வார்த்தை மாற்றாமல் எழுதுகிறேன் என்று கையைக் கூப்பினார். அவள் பாத்தினைப் பார்த்தாள். 

"எழுதத்தான் வேண்டும்" என்றாள் அவள். "ஆனால் நீங்கள் எழுத வேண்டாம்."