கன்மேனின் கைப்பேசி

நான் பதினாலு மாதம் மந்திரியாக இருந்தேன். அந்தப் பதினாலு மாதமும் பயந்துகொண்டே இருந்தேன் என்றால் ராஜபாளையத்தில் யாரும் நம்ப மாட்டார்கள். நான் நடந்தால் முன்னால் நாலு பேர், பின்னால் பத்துப் பேர். கஞ்சி போட்ட சட்டை, மடிப்புக் கலையாத வேட்டி. அதற்குள் இருந்தவன் ராத்திரியெல்லாம் விழித்துக் கிடந்தது என் மனைவிக்கு மட்டும்தான் தெரியும்.

அதற்கு முந்தைய வருஷங்களில் இந்தப் பயம் கிடையாது. கொடிக்கம்பம் நட்டு அடி வாங்கினேன். கவுன்சிலர் ஆனேன். இரண்டு தடவை சட்டமன்றத்துக்கு நின்று தோற்றேன், மூன்றாவது தடவை ஜெயித்தேன். தோற்றவனிடமிருந்து பிடுங்க என்ன இருக்கிறது? நன்றாகத் தூங்கினேன். நாற்காலி வந்த பிறகுதான் தூக்கம் போனது.

எனக்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்தவரும் எங்கள் பக்கத்துக்காரர்தான். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு நூலகத் திறப்பு விழா. அவர் மைக்கில் பேசிக்கொண்டிருந்தார், நான் வெறும் எம்.எல்.ஏ.வாக மேடையில் ஓரமாக உட்கார்ந்திருந்தேன். அவருக்குப் பின்னால் நின்ற கன்மேனுக்கு, அதாவது பாதுகாப்புக்குத் துப்பாக்கியோடு கூடவே வரும் போலீஸ்காரருக்கு, ஒரு போன் வந்தது. அவர் பேசிவிட்டு மேடையை விட்டு இறங்கினார். முன்னால் போகும் போலீஸ் ஜீப்பில் ஏறினார். ஜீப் போய்விட்டது. மந்திரி இன்னும் திட்டங்களை அடுக்கிக்கொண்டிருந்தார். எங்கள் அரசியலில் வழக்கம் அப்படி. பதவி பறிபோனால் முதலில் போலீசுக்குத் தெரியும், அடுத்து டிவிக்குத் தெரியும், கடைசியில்தான் பறிகொடுத்தவனுக்குத் தெரியும். அன்றைக்கு எனக்குச் சிரிப்பு வந்தது. வாயைத் துண்டால் மூடிக்கொண்டு சிரித்தேன்.

பத்து நாளில் அந்த இடத்தை எனக்குக் கொடுத்தார்கள். கூடவே ஒரு கன்மேனையும் கொடுத்தார்கள்.

அவர் சோழபுரத்துக்காரர், என்னைவிடப் பத்து வயது இளையவர், அதிர்ந்து பேசாதவர். பாவம், அந்த மனிதரின் போன் அடித்தால் எனக்கு உயிர் போய் உயிர் வரும். சாப்பிட்டுக்கொண்டிருந்தால் எடுத்த கவளம் கையிலேயே நிற்கும். "யாரு தம்பி?" என்று சாதாரணமாகக் கேட்பதுபோலக் கேட்பேன். "வீட்டுலய்யா, சிலிண்டர் வந்திருக்காம்" என்பார். அப்புறம்தான் சோறு இறங்கும். போகப் போக அவர் என் முன்னால் போன் எடுப்பதையே குறைத்துவிட்டார். நல்ல பழக்கம் என்று நினைத்துக்கொண்டேன்.

பதினாலாவது மாதம் மந்திரிசபையை மாற்றப் போகிறார்கள் என்று பேச்சுக் கிளம்பியது. யார் தலை உருளும் என்று பத்திரிகைகள் ஆளுக்கொரு பட்டியல் போட்டன. எல்லாப் பட்டியலிலும் நான் இருந்தேன். அந்த வாரம்தான் கன்மேன் என்னிடம் லீவு கேட்டார். அப்பாவுக்கு மூச்சுத்திணறல், இரண்டு நாள் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்ள வேண்டும் என்றார். மறுநாள் கூமாப்பட்டியில் பள்ளிக்கூடக் கட்டடத் திறப்பு விழா இருந்தது. அது முடியட்டும், பொறவு எத்தனை நாள் வேண்டுமானாலும் இருந்துவிட்டு வாருங்கள் என்று சொன்னேன். அவர் சரி என்று தலையாட்டினார்.

விழாவுக்கு அவர் தேவைப்பட்டார் என்பது பொய். வேறு ஆள் அனுப்பச் சொல்லியிருக்கலாம். ஆனால் அந்த வாரத்தில் பழகிய கன்மேன் இல்லாமல் நான் நாலு பேர் முன்னால் நின்றால் 'முடிஞ்சது கதை' என்று வத்திராயிருப்பு டீக்கடை வரைக்கும் பேசுவார்கள். அதற்குப் பயந்துதான் ஒரு மகனைத் தகப்பனிடம் அனுப்பாமல் என் முதுகுக்குப் பின்னால் நிறுத்திக்கொண்டேன்.

கூமாப்பட்டியில் நல்ல கூட்டம். மேடையில் என் நாற்காலிக்குப் பக்கவாட்டில் அவர் நின்றார். நான் ஓரக்கண்ணால் அவரையேதான் பார்த்துக்கொண்டிருந்தேன். சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப உள்ளே போட்டார். செத்த நேரம் கழித்து மறுபடியும் அதிர்ந்தது. மறுபடியும் உள்ளே போட்டார். மூன்றாவது தடவையும் அப்படியே. தலைமையாசிரியர் என்னைப் பேச அழைத்த நேரத்தில் நாலாவது தடவை அதிர்ந்தது. இந்தத் தடவை எடுத்தார். காதில் வைத்துக் கேட்டார். முகம் செத்துப்போனது. என்னைப் பார்க்காமல் மேடையை விட்டு இறங்கி ஜீப்பைப் பார்த்து நடந்தார்.

நான் மைக்கைப் பிடித்தேன். அசிங்கப்பட்டு இறங்குவதற்குள் மரியாதையாக நாமே சொல்லிவிடுவோம் என்று அந்த அரை நிமிஷத்தில் தோன்றிவிட்டது. "பதவி இன்னைக்கு வரும், நாளைக்குப் போகும். இம்புட்டு நாளும் என்னை மந்திரியா வச்சிருந்த தலைமைக்கு நன்றி. இனிமே உங்க வீட்டுப் பிள்ளையா இந்தத் தொகுதியிலேயே கெடப்பேன்" என்று கும்பிட்டேன். யாரும் கை தட்டவில்லை. ஒன்றியச் செயலாளர் பின்னாலிருந்து என் சட்டையை இழுத்தார். முன்வரிசையில் ஏழெட்டு போன்கள் என்னைப் படம் பிடித்துக்கொண்டிருந்தன.

கீழே இறங்கி ஜீப்புக்குப் போனேன். அவர் அதன் கதவில் சாய்ந்து நின்றார். "எங்கப்பா தவறிட்டாவய்யா" என்றார்.

சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு முதலில் வந்தது நிம்மதிதான். அப்பாடா, சென்னையிலிருந்து வந்த போன் இல்லை. அந்த நிம்மதியோடேயே அவர் தோளைத் தட்டி, என் காரிலேயே சோழபுரத்துக்கு அனுப்பி வைத்தேன். கார் மறைந்த பிறகுதான் மைக்கில் நான் பேசியது எனக்கே உறைத்தது.

ஸ்ரீவில்லிபுத்தூர் வருவதற்குள் சென்னையிலிருந்து கூப்பிட்டுவிட்டார்கள். யாரைக் கேட்டு நன்றி சொன்னாய், எந்தக் கட்சியோடு பேசி முடித்திருக்கிறாய் என்று கேட்டார்கள். கன்மேனின் போனைப் பார்த்துப் பயந்துவிட்டேன் என்று எந்த வாயால் சொல்வது? எதையோ உளறினேன். சாயந்தரம் வீட்டு வாசலில் புதிதாக வந்து நின்ற கன்மேனுக்குப் போன் வந்தது. அவர் பேசிவிட்டு எனக்கு ஒரு சல்யூட் அடித்துவிட்டு ஜீப்பில் ஏறினார். ஐந்து நிமிஷம் கழித்து டிவியில் என் பெயர் ஓடியது. என் மனைவி போய் டிவியை அணைத்தாள்.

மறுநாள் அவளையும் கூட்டிக்கொண்டு சோழபுரத்துக்குத் துஷ்டி கேட்கப் போனேன். முன்னால் ஜீப் இல்லை, பின்னால் ஆள் இல்லை. பறிபோக இனி ஒன்றும் இல்லை, ஆனாலும் பயம் அப்படியே இருந்தது. எங்கள் பக்கம் துஷ்டி வீட்டில் வாய் பேசுவது குறைவு. போகிறவர் இரண்டு கையையும் நீட்டுவார், இழவு கொடுத்தவர் அதைத் தொட்டுவிடுவார், அவ்வளவுதான். அவர் தொடாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டால் என்ன செய்வது என்றுதான் வழியெல்லாம் நினைத்துக்கொண்டு போனேன்.

பந்தலில் மொட்டைத் தலையோடு பெஞ்சில் இருந்தார். என்னைப் பார்த்ததும் வழக்கம்போல எழுந்து விறைத்து நின்றார். நான் கையை நீட்டினேன். தொட்டார். மெதுவாகச் சொன்னார்:

"நேத்து முதல்ல மூணு தடவ கூப்பிட்டப்ப அப்பாவுக்கு நெனவு இருந்திருக்குய்யா. எங்கூடப் பேசணும்னு கேட்டிருக்காவ. நான் போன எடுத்தா நீங்க பயந்திருவீயன்னுதான் எடுக்காம இருந்துட்டேன்."

நீட்டிய கையை எப்போது மடக்கினேன் என்று எனக்கு நினைவில்லை.